உடல் நீரில் புற்றணுவைக் கண்டறிந்த வரலாறு



நான் மருத்துவன் அல்லேன்; வகுப்பறையிலும் தலைமையாசிரியர் அறையிலும் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இன்று மருத்துவ ஆய்வின் வரலாற்றிலிருந்து ஒரு பகுதியை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. வலப்பக்க நுரையீரலைச் சூழ்ந்து நீர் கோத்திருக்கிறது என்று மருத்துவர் கூறினார். முதுகுப் புறமாக ஊசியைச் செலுத்தி, அந்நீரில் ஒரு குப்பியளவு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. ஐயத்திற்குரிய உயிரணுக்கள் காணப்படுகின்றன என்றும், புற்றுநோய் இல்லையென்று உறுதி கூறுவதற்கில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் செய்துவிட்டது. "எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமிடும் சோதனை ஒன்று இருக்கிறது, ஐயா. அதன் முடிவு வரட்டும், அதுவரை எதையும் முடிவு கட்டாதீர்கள்" என்றார் மருத்துவர். ஐந்து நாள் காத்திருந்தோம். அந்த ஐந்து நாளில் நான் கேட்கத் தொடங்கி, பின்னர்ப் படித்தும் தெரிந்துகொண்டவற்றின் சாரமே இப்பேச்சு. முடிவு என்னவாயிற்று என்பதை இறுதியில் சொல்லுகிறேன்.

முதலில், இந்த நீர் எது என்பதைப் பார்ப்போம். நம் நுரையீரல்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய இரட்டைப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. இதயத்திற்கும் அத்தகைய உறை உண்டு. வயிற்றறையில் குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளையும் அவ்வாறே ஒரு படலம் சூழ்ந்திருக்கிறது. படலத்தின் இரு மடிப்புகளுக்கும் நடுவே சிறிதளவு நீர் கசிந்து நிற்கும். வண்டியின் அச்சுக்கு இட்ட எண்ணெய்போல, உறுப்புகள் உராயாமல் அசைவதற்கு அது உதவுகிறது. இதயம் தளர்ந்தாலும், கல்லீரல் சுருங்கி இறுகினாலும், தொற்று நோய் கண்டாலும் அந்நீர் அளவுக்கு மீறிப் பெருகும். வயிற்றில் அவ்வாறு பெருகுவதையே நம் முன்னோர் மகோதரம் என்றனர். புற்றுநோய் படலத்தை எட்டிவிட்டாலும் நீர் பெருகும். அப்பொழுது புற்றணுக்களும் கட்டியினின்று உதிர்ந்து அந்நீரில் மிதக்கும். ஆகவே, உடலைக் கத்தியால் கீறாமல், ஓர் ஊசியின் துணையால் நோயின் அடையாளத்தை வெளியே கொண்டுவந்து பார்க்க முடியும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர், சிறுநீர், சளி ஆகியவற்றிற்கும் இது பொருந்தும்.

இவ்வுண்மை ஒரே நாளில் விளங்கிவிடவில்லை. நோய் என்பது உடலின் உயிரணுக்களில் நிகழும் மாற்றமே என்னும் கொள்கையை 1858ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ தம் நூலில் விரிவாக நிறுவினார். அதன்பின் மருத்துவர்களின் கண் நுண்ணோக்கியின்மீது திரும்பியது. 1860ஆம் ஆண்டளவில் இலண்டன் மருத்துவர் லயனல் பீல், தொண்டையில் புற்று கண்ட ஒருவரின் சளியில் புற்றணுக்களைக் கண்டு எழுதினார். 1867இல் லூக்கே, கிளெப்ஸ் என்னும் இருவர் வயிற்றறை நீரில் அவ்வணுக்களைக் கண்டனர். 1869இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் குருதியிலே கட்டியின் உயிரணுக்களை ஒத்த அணுக்கள் இருப்பதைக் குறித்து வைத்தார். 1891இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் குவிங்கே, முதுகின் அடிப்புறத்தில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை வழக்கிற்குக் கொண்டுவந்தார். இவ்வாறு ஒவ்வொரு நீராக நுண்ணோக்கியின்கீழ் வந்து சேர்ந்தது.

ஆயின், உயிரணு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. சாயம் ஏற்றினாலன்றி அதன் உட்பகுதிகள் தெளிவாகத் தெரியா. இங்கே மருத்துவத்திற்குத் துணைவந்தது துணிச்சாயத் தொழில். 1856இல் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று தோற்று, ஊதா நிறச் சாயம் ஒன்றைப் பெற்றார். அதிலிருந்து செயற்கைச் சாயத் தொழிலே பிறந்தது. அச்சாயங்களை உடலின் திசுக்களில் ஏற்றிப் பார்த்தவர் பால் எர்லிக். ஒரு சாயம் ஒருவகை உயிரணுவை மட்டும் பற்றுவதும், மற்றொன்றை விட்டுவிடுவதும் அவருக்குப் பெருவியப்பை அளித்தன. 'குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பற்றும் பொருள்' என்னும் அந்த எண்ணம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அது பின்னர் நம் கதையிலும் திரும்பி வரும்.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையைப் பேரளவில் வளர்த்தவர் ஜார்ஜ் பாப்பனிக்கோலா. கிரேக்க நாட்டின் கைமி என்னும் ஊரில் 1883இல் பிறந்து, அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர் இவர். கருப்பை வாயிலிருந்து உதிரும் அணுக்களைக் கண்டே அங்குள்ள புற்றுநோயை அறியலாம் என்று 1928இல் கூறினார். அன்று அதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அவர் சோர்ந்துவிடாமல் உழைத்து, ஹெர்பர்ட் டிராட் என்பாருடன் சேர்ந்து 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்ட பின்னரே உலகம் ஏற்றது. அவர் அமைத்த பலநிறச் சாய முறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. நெஞ்சறை நீருக்கும் வயிற்றறை நீருக்கும் அம்முறை பயன்படுகிறது.

ஆனால், இங்கேதான் ஒரு பெரிய இடர் எதிர்ப்பட்டது. படலங்களின் உட்புறத்தில் ஓடு வேய்ந்தாற்போல ஒரு வரிசை உயிரணுக்கள் உண்டு. மீசோதீலிய அணுக்கள் என்பது அவற்றின் பெயர். படலத்தில் அழற்சி கண்டால் இவை பெருகும், உருவிற் பெருக்கும், உட்கரு பெரிதாகும், ஒன்றுக்கு மேற்பட்ட உட்கருக்களும் தோன்றும், கூட்டங்கூட்டமாக உதிர்ந்து நீரில் மிதக்கும். பெரிய உட்கரு, பல உட்கருக்கள், கூட்டமாகச் சேர்தல் ஆகிய இவை புற்றணுவை ஐயுறுவதற்குரிய அடையாளங்களும் ஆகும் அன்றோ? குற்றமற்ற அணு குற்றவாளியின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. இதற்கு மறுதலையும் உண்டு. சில புற்றணுக்கள் சிறியனவாய், அடக்கமாய், மற்ற அணுக்களோடு கலந்து, காண்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதனை மருத்துவர் எனக்கு விளக்கியபோது, என் பள்ளியில் நான் செய்த தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டில், ஒன்பதாம் வகுப்பில் திரட்டி வைத்த சுற்றுலாப் பணம் காணாமற்போயிற்று. மாணவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மாணவனின் முகம் வெளிறியிருந்தது, கைகள் நடுங்கின, என்னை நிமிர்ந்து பார்க்கவும் அவனால் இயலவில்லை. 'இவனே' என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. தந்தையை அழைத்து வா என்று அனைவர் முன்னிலையிலும் சொல்லி அவனை அனுப்பினேன். மறுநாள் அப்பணம் ஆசிரியர் அறையில் ஒரு பதிவேட்டின் இடையே அகப்பட்டது. அம்மாணவனுக்கு முந்தின நாள் இரவு முதல் கடுங்காய்ச்சல். நடுக்கத்திற்கு அதுவே காரணம். அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவனும் அவன் பெற்றோரும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டனர். முகத்தைக் கண்டு தீர்ப்புச் சொன்ன என் செயலை நான் இன்றுவரை மறக்கவில்லை. துன்புற்ற மாணவனும் குற்றம் புரிந்த மாணவனும் ஒரே தோற்றத்தில் நிற்கக்கூடும், உயிரணுக்களும் அவ்வாறே.

ஆகவே தோற்றத்தைக் கடந்து, அணு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. அவ்வடையாளத்தைத் தேடித்தந்த கருவியே எதிர்ப்பொருள். ஆன்டிபாடி என்று அறிவியலார் வழங்குவதும் இதனையே.

1890இல் பெர்லின் நகரில் எமில் ஃபான் பெஹ்ரிங்கும், ஜப்பானியரான ஷிபாசாபுரோ கிடசாடோவும் சேர்ந்து ஒரு பெரிய உண்மையைக் கண்டனர். ஒரு நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்கிற்குச் செலுத்தினால், அவ்விலங்கின் குருதிநீரில் அந்நஞ்சை மட்டும் முறிக்கும் பொருள் தோன்றுகிறது என்பதே அது. இரணசன்னியின் நஞ்சுக்குத் தோன்றிய எதிர்ப்பொருள், தொண்டை அடைப்பான் நஞ்சை முறிக்காது. பூட்டுக்கேற்ற சாவிபோல, ஒன்றுக்கு ஒன்றே பொருந்தும். பிற்காலத்தார் நஞ்சுக்கு மட்டுமன்றி, எந்த அயற்புரதத்திற்கும் விலங்கின் உடல் எதிர்ப்பொருளை ஆக்கித்தரும் என்று கண்டனர். எர்லிக் தேடிய 'குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பற்றும் பொருள்' இயற்கையிலேயே இருந்தது. ஆனால் எதிர்ப்பொருளுக்கு நிறம் இல்லை. அது சென்று பற்றினாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறம் ஊட்டுவது எப்படி?

இவ்வினாவுக்குப் பயன்தரும் விடை கண்டவர் ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர். 1939ஆம் ஆண்டுக் கோடையில் அவர் பெர்லினில் தங்கியிருந்தார். கீல்வாதக் காய்ச்சலில் இதயத்தில் தோன்றும் சிறு முடிச்சுகளில் கிருமியின் பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்பது அவருடைய சிந்தனையாக இருந்தது. எதிர்ப்பொருளோடு கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைப் பிணைத்துவிட்டால், அது சென்று பற்றும் இடத்தை நேரிற் காணலாமே என்று அவருக்குத் தோன்றியது. எதிர்ப்பொருளோடு சாயத்தைப் பிணைக்கும் முயற்சி அதற்குமுன் நடந்ததுதான். ஆனால் அச்சாயங்கள் நுண்ணோக்கியில் தெரியுமளவுக்கு அழுத்தமாக இல்லை. கூன்ஸ், சாதாரணச் சாயத்தை விடுத்து, புறஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் பொருளைத் தேர்ந்தார். இருளிலே மின்மினி சிறிதாயினும் கண்ணில் படுகிறதன்றோ?

ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியலார் கிரீச், ஜோன்ஸ் ஆகியோரின் துணையுடன் 1941இல் அவர் முதல் வெற்றியை வெளியிட்டார். முதலில் பிணைத்த பொருள் நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் உடலின் திசுக்களும் இயல்பாகவே மங்கிய நீல ஒளி வீசுவன. நீலத்தில் நீலம் மறைந்தது. அதனால் பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீன் என்னும் பொருளைப் பிணைத்து, நியூமோகாக்கசு என்னும் கிருமியின் பொருளைத் திசுக்களில் கண்டு 1942இல் எழுதினார். பின்னர் உலகப்போரில் படை மருத்துவராகச் சென்றார். போர் முடிந்து திரும்பி, 1950இல் மெல்வின் கேப்லன் என்பாருடன் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1954இல் தாமஸ் வெல்லரும் கூன்ஸும் வேறொரு வகையைக் கையாண்டனர். முதல் எதிர்ப்பொருளுக்கு நிறம் ஊட்டுவதில்லை. அது சென்று பற்றியபின், அதனையே பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளை நிறமூட்டி அனுப்புவர். முதல் எதிர்ப்பொருள் ஒன்றன்மேல் இரண்டாம் எதிர்ப்பொருள்கள் பல வந்து ஒட்டுவதால் ஒளி மிகுகிறது.

கூன்ஸின் முறையில் ஒரு குறை இருந்தது. ஒளி சிறிது நேரத்தில் மங்கிவிடும். தனி நுண்ணோக்கியும் இருட்டறையும் வேண்டும். ஒளிரும் அணுவின் முழு வடிவத்தையும் உடன் காண்பது அரிது. 1966இல் அமெரிக்காவில் பால் நகானேயும் பாரி பியர்ஸும் இதற்கு மாற்று கண்டனர். ஒளிரும் பொருளுக்குப் பதிலாக, ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான வேரிலிருந்து எடுக்கும் பெராக்சிடேசு என்ற நொதியை எதிர்ப்பொருளோடு பிணைத்தனர். உரிய வேதிப்பொருளை ஊற்றினால், நொதி இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும். நிறம் நெடுநாள் நிலைக்கும்; சாதாரண நுண்ணோக்கியே போதும்; அணுவின் வடிவமும் அடையாளமும் ஒருங்கே தெரியும். அதே ஆண்டில் பிரான்சில் அவ்ரமியாசும் இத்தகைய முறையை வெளியிட்டார்.

இனி மற்றொரு தடை. முயலுக்கோ ஆட்டிற்கோ ஒரு புரதத்தைச் செலுத்திப் பெறும் குருதிநீரில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். ஒரு முயலின் குருதிநீர்போல் மற்றொரு முயலினது இராது. நல்ல குருதிநீர் தந்த முயல் இறந்தால் அவ்வெதிர்ப்பொருளும் அத்தோடு முடிந்தது. ஓரூரில் கிடைத்த முடிவை வேறூரில் சரிபார்ப்பது கடினமாயிற்று.

இத்தடையை நீக்கியவர்கள், கேம்பிரிட்ஜில் பணிசெய்த இருவர். ஒருவர் அர்ஜென்டீனாவில் பிறந்த சேசார் மில்ஸ்டைன். மற்றவர் ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர் ஜார்ஜ் கோலர். எதிர்ப்பொருளை ஆக்கும் உயிரணு ஒவ்வொன்றும் ஒரேவகை எதிர்ப்பொருளையே தரும். ஆனால் கண்ணாடிக் கலத்தில் வைத்தால் சில நாளில் மடியும். புற்றணுவோ மடியாமல் பெருகிக்கொண்டே இருக்கும். சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த முதல்வகை அணுவையும், எலும்பு மச்சைப் புற்றணு ஒன்றையும் அவர்கள் இணைத்தனர். பிறந்த கலப்பணு, தாயினிடமிருந்து எதிர்ப்பொருளை ஆக்கும் திறனையும், தந்தையினிடமிருந்து சாகாத் தன்மையையும் பெற்றதுபோல் இரண்டையும் கொண்டிருந்தது. 1975இல் இதனை வெளியிட்டனர். ஒரே அணுவின் வழித்தோன்றல்கள் தரும் இதற்கு ஒற்றைமூல எதிர்ப்பொருள் என்று பெயர். இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. 1984இல் இருவருக்கும், நீல்ஸ் யெர்னே என்பாரோடு சேர்த்து நோபெல் பரிசு வழங்கப்பட்டது. புற்றணுவின் சாகாத் தன்மையே புற்றணுவைக் காட்டிக்கொடுக்கும் கருவிக்கு உதவியது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

எந்தப் பொருளைத் தேடுவது என்பது அடுத்த வினா. 1965இல் கனடாவில் மான்ட்ரியல் நகரில் ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் இருவரும், பெருங்குடற் புற்றிலும் கருவின் குடலிலும் காணப்படும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தனர். சுருக்கமாக அதனைச் சி.இ.ஏ. என்பர். சுரப்பித் திசுவில் தோன்றும் புற்றணுக்களில் இது பலவற்றில் உண்டு; மீசோதீலிய அணுக்களில் இல்லை. ஆகவே நெஞ்சறை நீரிலுள்ள ஓர் அணு இதற்குரிய எதிர்ப்பொருளை ஏற்று நிறம் கொண்டால், அது படலத்தின் சொந்த அணுவன்று, வேறிடத்திலிருந்து வந்து குடியேறியது என்று ஐயுறலாம்.

இந்த அறிவுகளெல்லாம் ஒன்றுகூடிய இடங்களுள் ஆக்ஸ்ஃபோர்டு முதன்மையானது. அங்கே ஆர்தர் ஸ்பிரிக்ஸ் என்னும் மருத்துவர் உடல் நீர்களின் அணுக்களை நெடுங்காலம் ஆராய்ந்து 1957இல் நூலே எழுதியவர். டேவிட் மேசன் என்பவர் ஒற்றைமூல எதிர்ப்பொருள்களில் வல்லவர். கோஷ் என்பாருடன் சேர்ந்து இவ்விருவரும் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புற்றுநோயாளிகளின் நீரில், சாதாரணச் சாயத்தால் புற்றணு இல்லையென்று தள்ளப்பட்டவற்றை எடுத்து, எதிர்ப்பொருள்களால் மீண்டும் சோதித்தனர். அவற்றுள் சிலவற்றில் புற்றணுக்கள் மறைந்திருந்தது தெரிந்தது. நான் மேலே கூறிய 'கண்ணுக்குத் தப்பும்' அணுக்கள் இவையே.

உடல் நீரில் குருதி கலந்திருப்பது வழக்கம். செங்குருதியணுக்களுக்கும் பெராக்சிடேசு போன்ற செயல் உண்டாதலால், தேவையற்ற இடத்திலும் பழுப்பு படியும். இதனைத் தவிர்க்க, ஆல்கலைன் பாஸ்பட்டேசு என்னும் வேறு நொதியைக்கொண்டு சிவப்பு நிறம் தரும் முறையொன்றை 1984இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும் வெளியிட்டனர். சிறு இடையூறு ஒன்றைக் கவனித்து நீக்குவதிலேயே அறிவியலின் முன்னேற்றம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோயிலும் இம்முறை பயன்பட்டது. நோய் மூளையைச் சூழ்ந்த நீரில் புகுந்துவிட்டதா என்று அறிவது சிகிச்சைக்கு இன்றியமையாதது. அந்நீரில் காணப்படும் நிணவணுக்கள் நோயின் அணுக்களா, வைரசுத் தொற்றினால் வந்த நல்ல அணுக்களா என்று தோற்றத்தால் பிரிப்பது கடினம். முதிராத அணுக்களில் மட்டும் காணப்படும் டி.டி.டி. என்னும் நொதியை எதிர்ப்பொருளால் தேடும் முறை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்குக் கைகொடுத்தது.

அதன்பின் அடையாளப் பொருள்களின் பட்டியல் நீண்டது. 1990இல் பெர்லின் ஆய்வாளர்கள், சுரப்பிப் புற்றணுக்களைப் பற்றும் பெர்-இ.பி.4 என்னும் எதிர்ப்பொருளை அறிமுகம் செய்தனர். 1996இல், நரம்பணுக்களில் முன்பே அறியப்பட்டிருந்த கால்ரெட்டினின் என்னும் புரதம் மீசோதீலிய அணுக்களிலும் உண்டு என்று கண்டனர். ஒன்று அயலானைக் காட்டுகிறது. மற்றொன்று வீட்டுக்காரனைக் காட்டுகிறது. நீரில் அயலான் இருப்பது உறுதியானால், அவன் ஊர் எது என்றும் கேட்கலாம். டி.டி.எஃப்.1 என்னும் புரதம் நுரையீரலையும் தைராய்டையும், சி.டி.எக்ஸ்.2 குடலையும், பி.ஏ.எக்ஸ்.8 சூலகம், சிறுநீரகம் முதலியவற்றையும் சுட்டும். புற்று தோன்றிய உறுப்பு எது என்பதைப் பொறுத்தே மருந்து மாறுபடும். ஆதலால் இது வெறும் அறிவு வேட்கை அன்று; நோயாளியின் நாட்களைப் பற்றிய கேள்வி.

மாணவர்களே, இம்முறை பிழையே செய்யாதது என்று எண்ணிவிடாதீர்கள். எந்த ஓர் எதிர்ப்பொருளும் தனியே நின்று தீர்ப்புச் சொல்லத் தகுந்ததன்று. இறந்துபோன அணு எந்த எதிர்ப்பொருளையும் ஒட்டவைத்துக்கொள்ளும். சில புற்றணுக்கள் தமக்குரிய அடையாளத்தை இழந்திருக்கும். வீட்டுக்காரனே கெட்டுப்போவதும் உண்டு. கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாசின் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு மீசோதீலிய அணுக்களே புற்றாக மாறுவதை, 1960இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிறிஸ்டோஃபர் வேக்னரும் கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினர். அங்கே கால்ரெட்டினின் மட்டும் கண்டால் பயனில்லை, பி.ஏ.பி.1 என்னும் புரதம் அணுவின் உட்கருவில் இருக்கிறதா, மறைந்துவிட்டதா என்றும் பார்க்கிறார்கள்.

ஆகவே ஆய்வாளர்கள் மூன்று கட்டுப்பாடுகளைப் போற்றுகின்றனர். முதலாவது, சாட்சிகள் பலரை அழைத்தல். புற்றுக்குச் சார்பாக இரண்டு எதிர்ப்பொருள்களையேனும், மீசோதீலிய அணுவுக்குச் சார்பாக இரண்டையேனும் கேட்பது நல்ல வழக்கம். இரண்டாவது, விடை தெரிந்த மாதிரிகளை உடன் வைத்தல். நிறம் கொள்ள வேண்டிய மாதிரி நிறம் கொள்ளாவிட்டாலும், கொள்ளக் கூடாதது கொண்டாலும் அன்றைய சோதனையையே தள்ளிவிட வேண்டும். கணக்கு ஆசிரியர் விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்துத் தம் வழியைச் சரிபார்ப்பதுபோன்றது இது. மூன்றாவது, நிறத்தை மட்டும் நம்பாமல், அணுவின் வடிவத்தையும் நோயாளியின் நிலையையும் சேர்த்து எண்ணுதல். நிறம் சாட்சி சொல்லும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் மனிதனே.

நீரைச் சுழற்றி, அடியில் படியும் அணுக்களை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொரு சீவலுக்கும் ஓர் எதிர்ப்பொருளை இடுகிறார்கள். மெழுகில் பதித்த சீவலில் எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய இடம் மூடிக்கொண்டிருப்பதுண்டு. நுண்ணலை அடுப்பில் சூடேற்றினால் அவ்விடம் மீண்டும் திறந்துகொள்ளும் என்று 1991இல் ஷி என்பாரும் கூட்டாளிகளும் காட்டினர். அதனால் பழைய மாதிரிகளையும் புதிய கேள்விகளோடு அணுக முடிந்தது.

இனி என் தமையனாருக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் அறிக்கை வந்தது. ஐயத்திற்குள்ளான அணுக்கள் கால்ரெட்டினினுக்கு நிறம் கொண்டன. புற்றுக்குச் சார்பான இரண்டு எதிர்ப்பொருள்களுக்கும் நிறம் கொள்ளவில்லை. அவை அழற்சியால் வடிவம் மாறிய மீசோதீலிய அணுக்களே. இதயத்தின் தளர்ச்சியினால் நீர் கோத்திருந்தது என்பது பின்னர் மற்றச் சோதனைகளாலும் தெளிவாயிற்று. அதற்குரிய மருந்து உண்டு அவர் தேறினார். அன்று அதே ஆய்வுக்கூடத்தின் வாயிலில் மற்றொரு குடும்பத்தார் தங்கள் அறிக்கையோடு சுவரோரம் அமர்ந்து அழுதுகொண்டிருந்ததையும் நான் கண்டேன். எதிர்ப்பொருள் எல்லாருக்கும் நல்ல செய்தியைக் கொண்டுவருவதில்லை. உண்மையைக் கொண்டுவருகிறது, உண்மை தெரிந்தால்தான் உரிய சிகிச்சையைத் தொடங்க முடியும்.

1867இல் வயிற்றறை நீரை நுண்ணோக்கியில் பார்த்தவர்களும், 1890இல் நஞ்சின் எதிர்ப்பொருளைத் தேடியவர்களும் ஒருவரையொருவர் கருதி உழைத்தவர்கள் அல்லர். கூன்ஸ் தேடியது கீல்வாதக் காய்ச்சலின் காரணம், புற்றுநோயன்று. துணிச்சாயமும், காரவேரும், சுண்டெலியின் மண்ணீரலும் ஒரு குப்பி நீரை நோக்கி நூறாண்டுக்கு மேல் நடந்து வந்து சேர்ந்தன. உங்கள் பாடநூலில் ஒவ்வோர் இயலும் தனித்தனியே இருக்கும். அவை எங்கே சந்திக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னாலும் ஆகாது, உங்கள் ஆசிரியராலும் ஆகாது. ஆகவே வேதியியலை விரும்புபவர் உயிரியலைத் தள்ளிவைக்க வேண்டா.

நாளை உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் ஆசிரியராகலாம், சிலர் நீதிபதியாகலாம். உங்கள் முன்னால் ஒரு முகம் வந்து நிற்கும். அதன் தோற்றம் உங்களுக்கு ஒரு முடிவைச் சொல்லும். அப்பொழுது சற்றுப் பொறுத்து இன்னொரு சாட்சியைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவனின் வெளிறிய முகத்தைக் கண்ட அன்று நான் அதைச் செய்யத் தவறினேன். என் தமையனாரின் நீரைச் சோதித்த, முகம் அறியாத ஓர் ஆய்வாளர் அதைச் செய்தார். அவருக்கு என் நன்றியைத் தெரிவித்து இப்பேச்சை முடிக்கிறேன்.